பாட்டியின் எலும்பை யார் பார்ப்பது?

எங்கள் தெருக்கோடியில் ஒரு பாட்டி இருக்கிறார். வயது 74.

போன மார்கழியில் ஒரு நாள் விடியற்காலை. பாட்டி பின்கட்டுக்குப் போனார். வாசற்படியில் கால் இடறியது. உயரத்தில் இருந்து விழவில்லை. நின்ற இடத்திலேயே சாய்ந்தார். அவ்வளவுதான். எழுந்திருக்க முடியவில்லை.

இடுப்பு முறிந்து விட்டது!

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஆபரேஷன் நடந்தது. கம்பி வைத்துப் பொருத்தினார்கள். சில நாள் கழித்து வீட்டுக்கு அனுப்பி விட்டார்கள்.

"வயசாச்சு. விழுந்தா உடையத்தானே செய்யும்?" என்று தெருவில் எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பாட்டியைப் பார்க்கப் போனேன். கட்டிலில் படுத்தபடியே பேசிக்கொண்டு இருந்தார். பேச்சுவாக்கில் அவர் ஒன்று சொன்னார்.

"இது என்ன கண்ணு புதுசா? மூணு வருஷத்துக்கு முந்தி இந்த மணிக்கட்டு உடைஞ்சுது. அதுக்கும் முந்தி, தண்ணிக் குடத்தைத் தூக்கறப்போ முதுகுல சுளுக்கு விழுந்து ரெண்டு மாசம் படுத்தேன். அப்புறம்தான் எனக்குக் கூன் போட்டது."

எனக்குத் திக்கென்றது.

முதலில் முதுகு. பிறகு மணிக்கட்டு. இப்போது இடுப்பு. பாட்டியின் எலும்பு 2 தடவை எச்சரிக்கை கொடுத்து இருக்கிறது. யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பாட்டி வைத்தியமே பார்க்காதவர் என்று நினைத்து விடாதீர்கள். ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறார். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். மாதம் ஒரு தடவை ஒரு நர்சு வீட்டுக்கே வருகிறார். கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்க்கிறார். விரல் நுனியில் குத்தி சர்க்கரை பார்க்கிறார். நோட்டில் எழுதிக்கொண்டு போகிறார். நல்ல பெண். பாட்டிக்கு அவர் மேல் உயிர்.

மணிக்கட்டு உடைந்த நாளில் இருந்து இடுப்பு உடைந்த நாள் வரை அந்த நர்சு 30 தடவைக்குக் குறையாமல் வந்து போயிருப்பார். வளைந்து போன முதுகை 30 தடவை பார்த்து இருப்பார். அந்த நோட்டில் எலும்பைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. கேள் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. அவர் கேட்கவில்லை.

இதைப் பற்றித்தான் இன்று எழுதப் போகிறேன்.

கூரை தெரியும், ஓடு தெரியாது

எலும்பு என்றால் கல் மாதிரி, ஒரு தடவை வளர்ந்தால் அப்படியே இருக்கும் என்று நாம் நினைக்கிறோம். அப்படி அல்ல. எலும்பு உயிர் உள்ளது. உடம்பு ஒவ்வொரு நாளும் பழைய எலும்பைக் கொஞ்சம் கரைக்கிறது. அதே இடத்தில் புது எலும்பைக் கட்டுகிறது. ஓட்டு வீட்டில் பழைய ஓட்டை எடுத்து விட்டுப் புது ஓடு போடுகிறோமே, அது போல.

சுமார் 30 வயது வரை கட்டுவது அதிகம், கரைவது குறைவு. அதன் பிறகு கணக்கு மெல்ல மாறுகிறது. பெண்களுக்கு மாதவிலக்கு நின்றதும் நிலைமை மோசம் ஆகிறது. எலும்புக்குக் காவலாக இருந்த ஈஸ்ட்ரோஜன் என்ற சுரப்பு நீர் குறைந்து விடுகிறது. எடுக்கிற ஓடு 10 என்றால், போடுகிற ஓடு 8 என்று ஆகிறது.

வெளியில் இருந்து பார்த்தால் கூரை இருக்கிற மாதிரியே இருக்கும். ஒரு தென்னை மட்டை விழும்போதுதான் விஷயம் தெரியும்.

இதற்கு எலும்பு மெலிவு நோய் என்று பெயர். டாக்டர்கள் ஆஸ்டியோபோரோசிஸ் என்பார்கள்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். முழங்கால் வலிக்கிறது என்று போனால், "எலும்புத் தேய்மானம்" என்கிறார்கள். அது வேறு; இது வேறு. அது மூட்டுகளில் உள்ள மெத்தை போன்ற பகுதி தேய்வது. அதில் வலி இருக்கும். எலும்பு மெலிவு நோயில் வலியே கிடையாது. முறிகிற வரை வலிக்காது. அதனால்தான் யாரும் டாக்டரிடம் போய் முறையிடுவது இல்லை. வலிக்காத வியாதியை யார் சொல்வார்கள்?

50 வயதைத் தாண்டிய பெண்களில் 3 பேருக்கு ஒருவர், ஆண்களில் 5 பேருக்கு ஒருவர், வாழ்நாளில் ஒரு தடவையாவது இந்த நோயால் எலும்பு முறிவார்கள் என்பது உலகக் கணக்கு. சுவிட்சர்லாந்தில் இருந்து நடக்கும் சர்வதேச ஆஸ்டியோபோரோசிஸ் பவுண்டேஷன் இதைச் சொல்கிறது.

ஆண்கள் தப்பித்தார்கள் என்று சொல்வதற்கு இல்லை. நம் ஊரில் ஆண்கள் விழுந்தால், "குடித்து இருப்பான்" என்று சொல்லி விட்டுப் போய் விடுகிறார்கள். எலும்பைப் பற்றிய பேச்சே எழுவது இல்லை.

சுளுக்கு அல்ல!

மெலிந்த எலும்பு முக்கியமாக 3 இடங்களில் முறியும். முதுகு, மணிக்கட்டு, இடுப்பு.

முதுகைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஏனென்றால் நாம் ஏமாந்து போகிற இடம் அதுதான்.

முதுகெலும்பு, அடுக்கி வைத்த டப்பாக்கள் போன்றது. டப்பா மெலிந்து இருக்கும்போது குனிந்து குடத்தைத் தூக்கினால் போதும். மேலே உள்ள பாரம் தாங்காமல் ஒரு டப்பா நசுங்கி விடும். விழ வேண்டும் என்பது இல்லை. திடீர் என்று முதுகில் சுரீர் என்று வலிக்கும். வீட்டில் "சுளுக்கு" என்பார்கள். எண்ணெய் போட்டு உருவி விடுவார்கள். சில வாரத்தில் வலி குறையும். ஆனால் நசுங்கிய டப்பா நசுங்கியதுதான். இப்படி 2, 3 டப்பாக்கள் நசுங்கினால் ஆள் குட்டை ஆகி விடுவார். முதுகு வளையும்.

முதுகெலும்பு முறிவுகளில் பெரும்பாலானவை, அது முறிவு என்று தெரியாமலே போய் விடுகின்றன.

ஆகவே, "பாட்டிக்கு வயசாச்சு, கூன் விழுந்து விட்டது" என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோமே, அந்தக் கூனுக்குள் பல சமயம் ஒரு பழைய முறிவு ஒளிந்து இருக்கிறது. வாலிப வயதில் இருந்த உயரத்தில் 4 சென்டிமீட்டர், அதாவது சுமார் ஒன்றரை அங்குலம், குறைந்து இருந்தால் சந்தேகப்பட வேண்டும் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். சேலை முன்பை விடத் தரையில் அதிகமாகப் புரள்கிறது என்று சொல்லும் பாட்டிமார் உண்டு. அதைக் கேட்டுச் சிரிக்காதீர்கள்.

இடுப்பு முறிவுதான் எல்லாவற்றிலும் பயங்கரமானது. இடுப்பு என்று நாம் சொன்னாலும், முறிவது தொடை எலும்பின் மேல் முனை. இடுப்பு முறிந்த முதியவர்களில் ஏறக்குறைய 5 பேருக்கு ஒருவர் ஒரு வருடத்துக்குள் இறந்து போகிறார். எலும்பு முறிந்ததாலேயே சாவு வருவது இல்லை. படுத்த படுக்கையாகிறார்கள். நெஞ்சில் சளி கட்டுகிறது. படுக்கைப் புண் வருகிறது. காலில் ரத்தம் உறைகிறது. பிழைத்தவர்களிலும் பலர் பழையபடி தானாக நடப்பது இல்லை.

இடுப்பு முறிவுக்குக் கட்டுப் போட்டுக் காத்திருப்பது ஆபத்து. "புத்தூர் கட்டுப் போட்டால் சரியாகி விடும்" என்று கைக்கும் காலுக்கும் ஓடிப் பழகியவர்கள் நாம். மற்ற முறிவுகளைப் பற்றி நான் விவாதிக்கவில்லை. ஆனால் இடுப்புக்கு முடிந்தால் 2 நாட்களுக்குள் ஆபரேஷன் நடக்க வேண்டும். நாள் தள்ளத் தள்ள படுக்கையின் ஆபத்துக்கள் கூடுகின்றன.

உடைந்ததை ஒட்டினார்கள், உடைத்ததை விட்டார்கள்

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

பாட்டிக்கு மணிக்கட்டு முறிந்தது. எலும்பு டாக்டர் மாவுக்கட்டுப் போட்டார். ஒட்டிக்கொண்டது. அவர் வேலை முடிந்தது. சர்க்கரை டாக்டர் சர்க்கரையைப் பார்த்தார். கண் டாக்டர் கண்ணைப் பார்த்தார். "நின்ற இடத்தில் சாய்ந்ததற்கு எலும்பு ஏன் முறிய வேண்டும்?" என்று கேட்க வேண்டியவர் யார்? அந்தக் கேள்வி யார் மேஜைக்கும் போய்ச் சேரவில்லை.

இது நம் ஊர்க் கதை மட்டும் அல்ல. பணக்கார நாடுகளிலும் இதே கதைதான். எலும்பு முறிந்து கட்டுப் போட்டுக்கொண்ட முதியவர்களில் பெரும்பாலோர், முறிவுக்குக் காரணமான நோய்க்கு எந்தச் சிகிச்சையும் இல்லாமலே வீடு திரும்புகிறார்கள்.

ஒரு தடவை முறிந்தவருக்கு மறுபடியும் முறியும் ஆபத்து, மற்றவர்களைப் போல் சுமார் 2 மடங்கு. முதல் முறிவுதான் நமக்குக் கிடைக்கிற மணி ஓசை.

ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ என்ற நகரம் இருக்கிறது. 1999-ல் அங்கே ஓர் ஏற்பாடு செய்தார்கள். 50 வயதுக்கு மேற்பட்டவர் யார் எலும்பு முறிந்து வந்தாலும், அவரைத் தேடிப் பிடிப்பதற்கு என்றே நர்சுகளை வைத்தார்கள். கட்டுப் போடுவது அந்த நர்சின் வேலை அல்ல. "இவருக்கு எலும்பு மெலிந்து இருக்கிறதா? மருந்து வேண்டுமா? விழாமல் இருக்க என்ன செய்யலாம்?" என்று பார்ப்பதுதான் வேலை. பிறகு பல நாடுகள் அதைப் பின்பற்றின. சர்வதேச ஆஸ்டியோபோரோசிஸ் பவுண்டேஷன் 2012-ல் இதை ஓர் உலக இயக்கமாகவே தொடங்கியது.

கிளாஸ்கோவில் நர்சை ஆஸ்பத்திரியில் வைத்தார்கள். நம்மிடம் அதை விட ஒரு நல்ல வழி இருக்கிறது. நம் நர்சு வீட்டுக்கே வருகிறார்!

வாசலுக்கு வந்த வைத்தியம்

2021 ஆகஸ்டு 5-ந்தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் சாமனப்பள்ளி என்ற கிராமத்தில் "மக்களைத் தேடி மருத்துவம்" என்ற திட்டம் தொடங்கப்பட்டது. ரத்தக்கொதிப்பு, சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கு மாத்திரை வீடு தேடி வந்தது. படுக்கையில் கிடப்பவர்களுக்கு உடற்பயிற்சிச் சிகிச்சையும், நோய் வேதனையைத் தணிக்கும் சிகிச்சையும் வீட்டிலேயே கிடைத்தன. சிறுநீரகம் கெட்டவர்களுக்கு, வயிற்றின் வழியாக ரத்தத்தைச் சுத்தம் செய்யும் திரவப் பைகளையும் கொண்டு போய்க் கொடுத்தார்கள். மகளிர் சுய உதவிக் குழுவில் இருந்து தேர்ந்து எடுத்த பெண்கள் ஊர் ஊராக நடந்தார்கள்.

நல்ல காரியம். வெளியூர்க்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போகும் அளவுக்கு நல்ல காரியம். 2024-ல் ஐக்கிய நாடுகள் சபையின் அமைப்பு ஒன்று இதற்கு விருதும் கொடுத்தது.

இப்படி வீடு தேடி வரும் எந்த ஏற்பாடாக இருந்தாலும் சரி, அரசாங்கம் நடத்துவதோ, தனியார் நர்சோ, தர்ம ஸ்தாபனமோ, அதில் எலும்புக்கும் ஓர் இடம் வேண்டும் என்பது என் கட்சி.

ஏன் வீட்டில்? சொல்கிறேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் பாட்டி நல்ல சேலை கட்டிக்கொண்டு, மகன் கையைப் பிடித்துக்கொண்டு, ஆட்டோவில் போகிறார். நாற்காலியில் உட்காருகிறார். 2 நிமிடம். டாக்டர் முகத்தைப் பார்க்கிறார். வீட்டுக்கு வரும் நர்சுதான் உண்மையான பாட்டியைப் பார்க்கிறார். சுவரைப் பிடித்து நடப்பதைப் பார்க்கிறார். கையை ஊன்றாமல் நாற்காலியில் இருந்து எழ முடியாததைப் பார்க்கிறார். பாசி பிடித்த குளியல் அறையைப் பார்க்கிறார். எரியாத பல்பைப் பார்க்கிறார். காலையில் பாட்டி தின்பது பழைய சோறும் ஊறுகாயும்தான் என்பதைப் பார்க்கிறார். டெல்லியில் உள்ள பெரிய டாக்டரால் கூட இதைப் பார்க்க முடியாது.

எலும்பின் அடர்த்தியை அளக்க டெக்ஸா என்று ஒரு மெஷின் உண்டு. பெரிய ஊர்களில் இருக்கிறது. படுத்த படுக்கையான பாட்டியை அங்கே கொண்டு போக முடியுமா? "அது இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது" என்று கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியது இல்லை. இங்கிலாந்தில் ஷெபீல்டு பல்கலைக்கழகத்தில் 2008-ல் பிராக்ஸ் என்று ஒரு கணக்கு முறையை உண்டாக்கினார்கள். வயது, எடை, உயரம், முன்பு முறிந்தது உண்டா, தாய் தகப்பனுக்கு இடுப்பு முறிந்ததா, புகை பிடிப்பவரா, ஸ்டீராய்டு மருந்து சாப்பிடுகிறாரா - இப்படிச் சில கேள்விகள்தான். அடுத்த 10 வருடத்தில் முறியும் ஆபத்து எவ்வளவு என்று சொல்லி விடும். மெஷின் கணக்கு இருந்தால் நல்லது. இல்லா விட்டாலும் கணக்குப் போடலாம். இந்தியாவுக்கு என்று தனிக் கணக்கும் அதில் இருக்கிறது. சின்ன இடறலில் இடுப்போ முதுகோ முறிந்த முதியவருக்கு இந்தக் கணக்குக் கூட வேண்டாம். அவருக்கு நோய் இருக்கிறது என்று வைத்துக்கொண்டே சிகிச்சை தரலாம்.

ஸ்டீராய்டு என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. சில ஊர்களில் மூட்டு வலிக்கு என்று ஒரு பொட்டலம் கொடுப்பார்கள். பெயர் இருக்காது. சாப்பிட்ட மறுநாளே வலி பறந்து போகும். அப்படிப் பறந்தால் சந்தோஷப்படாதீர்கள். அதில் ஸ்டீராய்டு கலந்து இருக்கலாம். 3 மாதத்துக்கு மேல் அதைச் சாப்பிட்டால் எலும்பு அரித்துப் போகும். டாக்டரே ஆஸ்துமாவுக்கோ வாதத்துக்கோ கொடுத்து இருந்தால் திடீர் என்று நிறுத்தி விடவும் கூடாது. எலும்புக்கு என்ன காவல் என்று அவரிடமே கேட்க வேண்டும். நர்சு கண்ணில் அந்தப் பொட்டலம் பட வேண்டும். அது அலமாரியில் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு வராது.

ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

எங்கள் தெருப் பாட்டிக்கு, இடுப்பு முறிந்த பிறகு, வேறு ஒரு டாக்டர் எலும்புக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அலெண்ட்ரோனேட் என்ற மாத்திரை. வாரத்துக்கு ஒன்று. ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொண்டார்கள்.

பேரன் பாசமான பையன். ஞாயிறு காலை எழுந்ததும் காபி கலந்து, மாத்திரையையும் கொடுத்து, "நீங்க படுங்க பாட்டி" என்று படுக்க வைத்து விடுவான்.

3 வாரத்தில் பாட்டிக்கு நெஞ்சு எரிச்சல் வந்தது. சாப்பாடு இறங்கவில்லை. "இந்த மாத்திரை எனக்கு ஒத்துக்காது" என்று தூக்கிப் போட்டு விட்டார்.

மாத்திரை மேல் குற்றம் இல்லை. சாப்பிட்ட விதம்தான் தப்பு.

இந்த மாத்திரையில் 100-ல் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் ரத்தத்தில் சேருகிறது. காபியோடு சாப்பிட்டால் அந்தக் கொஞ்சத்திலும் பாதிக்கு மேல் வீண். பாலோடு சாப்பிட்டாலும் வீண்தான். ஆகவே காலையில் வெறும் வயிற்றில் சாப்பிட வேண்டும். ஒரு டம்ளர் நிறையப் பச்சைத் தண்ணீரோடு விழுங்க வேண்டும். அரை மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. காபி கூடாது. முக்கியமாக, அந்த அரை மணி நேரமும் படுக்கக் கூடாது. உட்கார்ந்தோ நின்றோ இருக்க வேண்டும். படுத்தால் மாத்திரை உணவுக்குழாயில் தங்கிப் புண் ஆக்கி விடும். கால்சியம் மாத்திரை இருந்தால் அதை வேறு வேளைக்கு வைத்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவையும் ஆஸ்பத்திரி ஜன்னலில் மாத்திரை வாங்கும்போது யார் சொல்வார்கள்? சொன்னாலும் பேரனுக்கு எப்படித் தெரியும்? வீட்டுக்கு வருகிறவர் கட்டில் பக்கத்தில் நின்று, தண்ணீர் டம்ளரைக் காட்டி, ஒரு தடவை சொன்னால் போதும்.

அரை மணி நேரம் உட்கார முடியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. சோலெட்ரானிக் ஆசிட் என்று வருடத்துக்கு ஒரு தடவை ரத்தக் குழாயில் ஏற்றும் மருந்து உண்டு. சிறுநீரகம் மிகவும் கெட்டவர்களுக்கு ஆகாது. ரத்தப் பரிசோதனை செய்துதான் டாக்டர் கொடுப்பார். டெனோசுமாப் என்று 6 மாதத்துக்கு ஒரு தடவை போடும் ஊசியும் உண்டு. அந்த ஊசியில் ஒரு கண்டிப்பு: தவணை தவறக் கூடாது. டாக்டரைக் கேட்காமல் நிறுத்தினால், எலும்பு முன்பை விட வேகமாகக் கரைந்து முதுகு அடுத்தடுத்து முறியலாம். தேதியை ஞாபகம் வைத்துக் கதவைத் தட்டுகிற ஆள் இல்லாமல் அந்த ஊசியை ஆரம்பிப்பதே தப்பு என்பேன்.

"74 வயதில் எலும்புக்கு மருந்து கொடுத்து என்ன பிரயோஜனம்?" என்று பாட்டியின் மருமகன் என்னிடமே கேட்டார். கெட்ட எண்ணம் இல்லை. பணக் கஷ்டம்.

அவருக்குப் பதில் 2007-ல் வந்து விட்டது. இடுப்பு முறிந்து ஆபரேஷன் ஆன 2,127 பேரை வைத்து ஓர் ஆராய்ச்சி நடந்தது. அவர்களுடைய சராசரி வயதும் 74-க்குச் சற்று மேல்தான்! பாதிப் பேருக்கு வருடாந்திர மருந்தை ஏற்றினார்கள். மீதிப் பேருக்கு மருந்து இல்லாத வெறும் திரவம். மருந்து ஏற்றாதவர்களில் 100-க்கு சுமார் 14 பேருக்கு மறுபடி முறிந்தது. ஏற்றியவர்களில் 100-க்கு 9 பேருக்குத்தான் முறிந்தது. சாவும் குறைந்தது. மருந்து இல்லாதவர்களில் 100-க்கு சுமார் 13 பேர் இறந்தார்கள். மருந்து பெற்றவர்களில் 10 பேருக்கும் குறைவு.

மருமகனிடம் இதைச் சொன்னேன். "அப்படியா!" என்றார். பிறகு ஒன்றும் பேசவில்லை.

கேழ்வரகு இருக்கிறது

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் வாசகிகள் கோபித்துக்கொள்வார்கள்.

மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கு நாள் ஒன்றுக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2020-ல் கணக்குச் சொன்னது. ஒரு டம்ளர் பாலில் சுமார் 240 மில்லிகிராம் இருக்கிறது. 100 கிராம் கேழ்வரகில் 340-க்கு மேல். நம் கூழுக்கும் களிக்கும் இருக்கிற மதிப்பைப் பாருங்கள். அரிசிச் சோற்றில் மிகவும் கொஞ்சம். முருங்கைக்கீரை, எள், முள்ளோடு தின்கிற நெத்திலி எல்லாம் நல்லது. பால் குடித்தால் சளி பிடிக்கும் என்று பாட்டிக்குப் பாலை நிறுத்துகிறார்கள். பேரனுக்கு மட்டும் 2 டம்ளர்! அவனுக்குச் சளி பிடிக்காதா?

வெயிலும் வேண்டும். வெயில் கொளுத்தும் நம் நாட்டிலேயே வைட்டமின் டி குறைந்தவர்கள் ஏராளம். அறைக்குள்ளேயே கிடக்கும் பாட்டிக்கு எங்கே இருந்து வெயில் கிடைக்கும்? கட்டிலையோ நாற்காலியையோ கொஞ்ச நேரம் முற்றத்துக்கு நகர்த்தினால் நல்லது. போதாவிட்டால் டாக்டர் மருந்து கொடுப்பார்.

ஆனால் ஏற்கனவே முறிந்தவருக்குக் கூழும் வெயிலும் மட்டும் போதாது. கால்சியம் மாத்திரை ஒரு டப்பா வாங்கிக் கொடுத்து விட்டு, "எலும்புக்கு மருந்து சாப்பிடுகிறாரே" என்று திருப்திப்படுகிறவர்கள் பலர். செங்கல்லைக் கொண்டு வந்து கொட்டினால் சுவர் எழும்பி விடுமா? கொத்தனார் வேண்டாமா?

விழாமல் இருப்பது பாதி வைத்தியம். ராத்திரி வெளிச்சம், குளியல் அறையில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி, கண்ணில் புரை இருந்தால் ஆபரேஷன், வழுக்காத செருப்பு. தூக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும், ரத்தக்கொதிப்பு மாத்திரை சாப்பிட்டு எழுந்ததும் தலை சுற்றுகிறவர்களும் அதை வாய் விட்டுச் சொல்ல வேண்டும். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். செய்வதுதான் இல்லை.

ஒரு கட்டம் போதும்

"இருக்கிற வேலையே தலைக்கு மேல். இதில் எலும்பு வேறா?" என்று வீடு வீடாக நடக்கும் பெண்கள் கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது. வெயிலில் நடக்கிறார்கள். நாய் துரத்துகிறது. கைக்கு வருவது சொற்பத் தொகை. வேலையைக் கூட்டுகிறவர்கள் கூலியையும் கூட்ட வேண்டும். இதில் எனக்கு இரண்டு பேச்சு இல்லை.

ஆனால் நான் கேட்பது பெரிய வேலை அல்ல. நோட்டில் ஒரு கட்டம். "50 வயதுக்கு மேல் எலும்பு முறிந்தது உண்டா? உயரம் குறைந்ததா? கூன் விழுந்ததா?" உண்டு என்றால் ஒரு சீட்டு எழுதி ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் அனுப்ப வேண்டும். இதற்கு 2 நிமிடம் ஆகும்.

டாக்டர் அந்தச் சீட்டைக் குப்பையில் போடாமல் இருக்க வேண்டும். சீட்டு வந்தால் என்ன செய்வது என்று அவருக்கும் ஒரு முறை எழுதிக் கொடுத்து இருக்க வேண்டும். வாராந்திர மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் எப்போதும் இருக்க வேண்டும். அது விலை அதிகமான மருந்து அல்ல. மருந்தே இல்லாமல் கேள்வி மட்டும் கேட்டால், பாட்டிக்குக் கவலைதான் மிச்சம். இந்த மூன்றும் சேர்ந்துதான் வேண்டும். ஒன்றைச் செய்து விட்டு மற்றதை மறந்து விட்டால், விழா நடத்தி போட்டோ எடுத்த கதையாகி விடும்.

சர்க்கரை மாத்திரையைக் கதவுக்குக் கொண்டு வரும் கை, எலும்பு மாத்திரையையும் கொண்டு வர முடியாதா?

போன வாரம் பாட்டி வீட்டுக்கு நர்சு வந்து இருந்தார். நானும் இருந்தேன். பாட்டி இப்போது வாக்கர் பிடித்துத் திண்ணை வரை வருகிறார். ஞாயிறு மாத்திரையை மறுபடி ஆரம்பித்து விட்டார்கள். பேரன் இப்போது காபியை அரை மணி நேரம் கழித்துத்தான் கலக்குகிறான்.

நர்சு ரத்த அழுத்தம் பார்த்து முடித்தார். அந்த நேரம் எதிர் வீட்டு அம்மாள் மோர் கொண்டு வந்தார். வயது 60-க்கு மேல் இருக்கும். செம்பைக் கொடுக்கும்போது கை கொஞ்சம் கோணலாகத் தெரிந்தது.

"கை என்னம்மா ஆச்சு?" என்று நர்சு கேட்டார்.

"அதா? போன வருஷம் கோலம் போட்டுட்டு எழுந்தப்போ வழுக்கிட்டேன். உடைஞ்சு கூடிருச்சு. இப்போ ஒண்ணும் இல்லை."

நர்சு பாட்டியைப் பார்த்தார். பாட்டி நர்சைப் பார்த்தார்.

"உட்காருங்கம்மா" என்றார் நர்சு. மூடி வைத்த நோட்டைத் திறந்தார். எழுதக் கட்டம் இல்லை. கடைசிப் பக்கத்தைத் திருப்பி, அந்த அம்மாளின் பெயரை எழுதினார்.